இரண்டாவது மூட்டை

எங்கள் ஊர் வடகரைப்பேட்டை, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு போர் நினைவுக் கல் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியும் அதன் முன்னால் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து வருடம் நான் பொய் பேசியிருக்கிறேன். ஊர் கைதட்டியது. நானும் மீசையைத் தடவிக்கொண்டு கீழே இறங்கினேன். தூ! எழுதும்போதே உடம்பு கூசுகிறது. ஆனால் இது என் கதை இல்லை, இன்பராஜின் கதை. என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் தப்பித்துக்கொள்ளத்தான் ஆசை. முடியவில்லை. அவன் கதையில் நடந்த கெட்டதெல்லாம் என் கையால் நடந்தது.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது, இடுப்பு உயரம் இருக்கும். இங்கிலீஷில் இரண்டே வரி. இந்தப் பேட்டையிலிருந்து பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, போனவர்கள் முப்பத்தெட்டுப் பேர், உயிர் விட்டவர்கள் ஏழு பேர். பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஏழு பேர் யார், எந்தத் தெரு, யார் பெற்ற பிள்ளைகள் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. என் சின்ன வயதில் பாதி ஊர் அதை மைல்கல் என்று நினைத்தது. மீதி ஊர் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிட்டது. சந்தை நாளில் அதில் ஆடு கட்டுவார்கள், தேர்தல் வந்தால் போஸ்டர் ஒட்டுவார்கள்.

இன்பராஜ் ஆற்றங்கரைக் காலனிக்காரன். அவன் அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அந்த வேலை வேண்டாமென்று மகனை ஷூ ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். பக்கத்துப் பக்கத்து மெஷின். ஷூவின் மேல்பாகம் தைப்பது எங்கள் வேலை. நான் தைத்தால் சூப்பர்வைசர் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். அவன் தைத்தால் பார்க்கவே மாட்டார், அப்படியே தள்ளிவிடுவார். ஒல்லியாக இருப்பான், பெரிய காது, சாப்பாட்டு ராமன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போதே பிரியாணி வாசனை எந்தப் பக்கம் என்று மூக்கைத் தூக்குவான். பசை ஒட்டும் பேஸ்டிங் செக்‌ஷனில் இருந்த ஹெலனைக் காதலித்து இருபது வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டான்.

எங்கள் வீட்டு நிலவரம் வேறு. தோல் கம்பெனியில் வேலைக்குப் போகலாம், சம்பளம் வாங்கலாம், "பையன் கம்பெனியில இருக்கான்" என்று பெருமையடித்துக்கொள்ளலாம். "செருப்பு தைக்கிறான்" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் மட்டும் வெட்டுக்குத்துதான். எங்கள் தெரு முழுக்க அப்படி. ஊரே செருப்பில்தான் சோறு தின்கிறது, அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் ஊரே மூஞ்சியைச் சுளிக்கிறது. சாதித் திமிர்தான், வேறென்ன? எனக்கும் அது ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

எண்பத்தொன்பதில் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். நானும் அவனும் போனோம். எனக்கு மார்பு அளவு கொஞ்சம் குறைந்தது. அவன் ஓட்டத்தில் நாக்குத் தள்ளிக் கடைசியாக வந்தான். இரண்டு பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு சுபேதார் கூப்பிட்டார். தமிழ்க்காரர். "எந்த ஊருடா? ஆம்பூர் பக்கமா? தைக்கத் தெரியுமா?" என்றார். அடி பிய்ந்த பூட்ஸ் ஆளுக்கு ஒன்று, ஒரு ஊசி, நூல். அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தோம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கிற ஆட்களாக எங்களை எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அந்த வேலைக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. யூனிட்டில் இருந்த வடக்கத்திக்காரர்கள் "மோச்சி" என்று கூப்பிடுவார்கள், செருப்பு தைக்கிறவன் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு அவனிடம் சொன்னேன். "டேய், வீட்ல பீரங்கிப் படைன்னு சொல்லிட்டேன். ஊர்ல யார் கிட்டயும் வாயத் திறந்துடாத."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பீரங்கிக்குப் பூட்ஸ் போட்டு உடப் போறியாடா கேசவா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "சரி, உடு. நான் சொல்ல மாட்டேன்." அவன் வீட்டில் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருந்தான். ஹெலன் ஃபேக்டரியில், "எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துக்கே பூட்ஸ் தைக்கப் போய்ட்டாரு" என்று செக்‌ஷன் செக்‌ஷனாகச் சொல்லி மிட்டாய் கொடுத்தாளாம்.

ஆறு வருடம் ஒரே யூனிட்டில் இருந்தோம். தொண்ணூற்றைந்தில் எங்களை வடக்கே பனி மலைக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் போர் எதுவும் அறிவிக்கவில்லை. ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் குண்டு விழும். மேலே ஒரு காவல் சாவடி. அங்கே இருந்தவர்களின் பூட்ஸ் வெடித்து, பனி உள்ளே போய், கால் விரல் கறுத்துப்போகிறது என்று செய்தி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கூடாரத்தில் உட்கார்ந்து மூன்று நாளில் இருபத்துநாலு ஜோடி பழுது பார்த்தோம். சுமக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. "நீங்களே ஆளுக்குப் பன்னிரண்டு ஜோடி கொண்டுபோங்கள்" என்று உத்தரவு வந்தது.

அன்று காலையில் எனக்குத் தலைவலி. உயரத்தில் எல்லோருக்கும் வருகிற தலைவலி. அது நிஜம். மாத்திரை போட்டதும் மதியத்துக்குள் போய்விட்டது. அதுவும் நிஜம். ஆனால் நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தே இருந்தேன். இன்பராஜ் அவனுடைய மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான். மறுநாள் பத்திரமாக இறங்கி வந்தான். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பனியில் கால் இடுப்புவரை புதைந்தது, நூறு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியது, குண்டுச் சத்தம் கேட்டபோது பாறையோடு பல்லிபோல ஒட்டிக்கொண்டது, மேலே இருந்தவர்கள் பூட்ஸைப் பார்த்ததும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதது. "செருப்பு தைக்கிறவன யாராவது கட்டிப் புடிச்சு அழுவாங்களாடா? எனக்கே ஒரு மாதிரி ஆய்டுச்சு" என்றான்.

அடுத்த நாள் காலையில் என் மூட்டை அப்படியே மூலையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "தலவலி எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

"இன்னும் ஜாஸ்தியாதான்டா இருக்குது" என்றேன்.

"சரி, படு. நானே போய்ட்டு வர்றேன்."

அவன் போய் நாலு மணி நேரத்தில் குண்டு விழுந்தது. சாயந்திரம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கம்பளியை உதறிவிட்டு ஓடினேன், அப்போது மட்டும் கால் நன்றாக ஓடியது. சவப்பெட்டி காட்பாடி வந்து, காலனிக் கல்லறையில் அடக்கம் ஆனது. ஜோதிக்கு, அவன் மகளுக்கு, அப்போது மூன்று வயது. எனக்கு லீவு கிடைத்தது, நான் போகவில்லை. ஹெலன் முகத்தில் எப்படி முழிப்பது?

இரண்டாயிரத்து ஆறில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். கன்னர் ஆதிகேசவன் என்று ஊர் கூப்பிட்டது. என் மனைவி அமிர்தவள்ளி தெருக் குழாயடியில்கூட, "எங்க வீட்டுக்காரரு பீரங்கி சுட்டவரு" என்றுதான் சண்டையை ஆரம்பிப்பாள். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

மூன்று வருடம் கழித்துத் தோல் மண்டி மக்பூல் அகமது பாய், பழைய கல்லுக்குப் பின்னால் ஒரு கறுப்பு கிரானைட் பலகை வைத்துத் தருகிறேன் என்றார். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த எங்கள் ஊர் வீரர்களின் பெயர்களும், பக்கத்தில் அவரவர் படையும் வேலையும். நாலு பெயர் தயார். ஐந்தாவதாக இன்பராஜ் பெயரை பாய்தான் ஞாபகமாகக் கேட்டார்.

"அவரு பட்டாளத்துல இன்னா வேல பண்ணாரு?"

"பூட்ஸ் தைக்கிற வேல, பாய்" என்றேன். குரலைத் தாழ்த்தி, ஏதோ அசிங்கத்தைச் சொல்கிற மாதிரி.

"அப்படியே போட்டுடுங்களேன். நம்ம ஊரு ரொட்டியே அதுலதானே?"

"பள்ளிக்கூடத்துப் பசங்க படிச்சிட்டுச் சிரிப்பாங்க பாய். போர்ல செத்தவங்க பேருதான் போடணும். அவன் செத்தது போர்ல இல்ல."

பாய் தாடியைத் தடவினார். "நீங்க மிலிட்டரிக்காரரு. உங்களுக்குத் தெரியாததா?" என்று விட்டுவிட்டார். நானும் இன்பராஜும் ஒரே நாளில், ஒரே ரயிலில், ஒரே யூனிட்டுக்குப் போனது ஊருக்கே தெரியும். கல்லில் அவன் வேலையைப் போட்டால், நீ அங்கே என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். அந்தப் பயம்தான் எனக்கு. அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு ஹெலன் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் அமிர்தவள்ளி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். "சங்கத்து ரூல்ஸ்மா. போர்ல செத்திருக்கணும்" என்றேன்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு எதுலண்ணா செத்தாரு?"

"அது விபத்துல வரும்."

ஹெலன் தலையை ஆட்டினாள். வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி திறப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். பீரங்கியைப் பற்றி எனக்கு என்ன மண்ணு தெரியும்? இன்பராஜ் டீ குடித்துக்கொண்டே சொன்னதையெல்லாம் நான் செய்ததாகச் சொன்னேன். பூட்ஸ் மூட்டையைக் குண்டு மூட்டை ஆக்கினேன். இடுப்பளவு பனி, நூறு அடிக்கு ஒரு மூச்சு, பாறையில் ஒட்டிக்கொண்டது, மேலே இருந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதது, எல்லாம் என் கணக்கில் வந்தது. "நாட்டுக்காக நான் இரண்டாவது முறையும் ஏறினேன்! அப்போது என் பக்கத்தில் வந்த தோழன் குண்டுக்கு விழுந்தான்!" என்று முழங்கினேன். தோழன் பெயரைச் சொல்லவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமும் அதையே கேட்டார்கள். நானும் வருடா வருடம் கொஞ்சம் பனியைக் கூட்டினேன்.

ஹெலன் ஒரு வருடம்கூடத் தவறவில்லை. ஃபேக்டரி லீவு. ஜூஸ் கடை ஓரமாக, கடைசியில் நின்று கேட்பாள். என்னை உறுத்துவதற்காகத்தான் வருகிறாள் என்று நினைத்து அந்தப் பக்கமே பார்க்க மாட்டேன்.

போன வருடம், இரண்டாயிரத்து இருபத்துநாலில், ரோட்டை அகலப்படுத்தினார்கள். கல்லும் பலகையும் உள்ளே தள்ளிப்போக வேண்டியதாயிற்று. பலகையைப் பெயர்க்கும்போது உடைத்துத் தொலைத்தார்கள். புதுசு வைக்கப் பேரூராட்சி முடிவு பண்ணியது. அங்கே கிளார்க்காக இருக்கும் கோபி என்னிடம் ஒரு மனுவைக் கொண்டுவந்தார். ஹெலன் கையெழுத்து. என் கணவர் இன்பராஜ் பெயரையும், அவர் பூட்ஸ் தைப்பவர் என்பதையும் கல்லில் போட வேண்டும் என்று இரண்டு வரி.

"சங்கத்துல இருந்து ஒரு லெட்டர் குடுங்க சார், போட்டுடலாம்" என்றார் கோபி.

மூன்று வாரம் அதை பீரோவில் வைத்திருந்தேன். பிறகு எழுதிக் கொடுத்தேன். "மேற்படி நபர் போரில் இறந்தவர் அல்ல." கையெழுத்து, கீழே சங்கத்தின் முத்திரை. முதல் தடவை பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லலாம். இது நிதானமாக, பேனாவை உதறி எழுதியது.

அந்த ஆகஸ்ட் பதினைந்திலும் பேசினேன். பேசி முடித்து மிட்டாய் கொடுக்கும்போது ஹெலன் நேராக என்னிடம் வந்தாள். பக்கத்தில் அமிர்தவள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருஷமா நீங்க பேசறதக் கேக்கறதுக்குத்தான் வர்றேண்ணா. அவரு எப்படிப் போனாருன்னு எனக்கு வேற யாரு சொன்னா? பொட்டி வந்துது. கூட ஒரு காயிதம் வந்துது, கடமையில இறந்தாருன்னு. உங்க பேச்சுலதான் அந்த மல இருக்குது, பனி இருக்குது, அவரு மூச்சு வாங்கறது இருக்குது."

"இன்னாம்மா சொல்ற? அது நான்..."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே டென்ட்ல உக்காந்து தைக்கறீங்கன்னு அவரு லெட்டர்ல எழுதியிருக்காரு. கேசவன் வீட்ல தெரியாது, நீ சொல்லிடாதன்னும் எழுதியிருக்காரு. அதான் சொல்லல." அமிர்தவள்ளியை அப்போதுதான் கவனித்தாள் போல. சட்டென்று நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுதாண்ணா புரியல. மொத தடவ போய்ட்டு நல்லபடியா வந்துட்டாரு. ரெண்டாவது தடவ ஏன் போனாரு? நாட்டுக்காகன்னு மைக்ல சொல்றீங்க. அவரு வேல முடிஞ்சா படுத்துடற ஆளுண்ணா."

"பசங்களுக்கு மிட்டாய் குடுக்கணும்மா. அப்புறம் பேசலாம்" என்றேன்.

"சரிண்ணா" என்று போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அமிர்தவள்ளி கதவைச் சாத்தினாள். பூட்ஸ் தைத்ததையும், மேடையில் பேசியதெல்லாம் புளுகு என்பதையும், ஹெலன் மனுவுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சொன்னேன். தலைவலியை மட்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை டம்மென்று வைத்துவிட்டு, "குழாயடியில என்னை எப்படியெல்லாம் பேச வெச்சிட்ட! அது போவட்டும், அந்தப் பொம்பள பேரக் கேட்டாளே, அதுகூடவா உனுக்கு எழுதிக் குடுக்க மனசு வரல? மனுசனா நீ?" என்றாள்.

அன்றே கோபியிடம் போய்ப் பழைய கடிதத்தைத் திருப்பி வாங்கினேன். புதுக் கடிதம் கொடுத்தேன். இன்பராஜ் எல்லையில் எதிரி குண்டுக்கு இறந்தவர், அவரோடு அதே யூனிட்டில் பூட்ஸ் தைத்தவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். கோபி இரண்டு தடவை படித்தார். "சார், உங்க விஷயம் இதுல எதுக்கு? அந்த வரிய எடுத்துட்டு வேற லெட்டர் குடுங்க. அவரு பேரு வந்துடும், உங்க மானமும் நிக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அதுவே சரி என்று பட்டது, கையைக்கூட நீட்டிவிட்டேன். அப்புறம்தான் கையை இழுத்துக்கொண்டு, "இதையே ஃபைல்ல வைப்பா" என்றேன்.

சாயந்திரத்துக்குள் ஊர் பூராவும் பரவியது. டீக்கடையில் ஒருத்தன் வார் அறுந்த செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்து, "கன்னர் சார், கொஞ்சம் பாருங்களேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் பதவியை நானே விட்டேன். அக்டோபரில் புதுப் பலகை நின்றது. ஐந்தாவது பெயர் இன்பராஜ், பக்கத்தில் பூட்ஸ் தைப்பவர் என்று வெட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்தார்கள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலன் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தாள். நாற்காலி போட்டாள். செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற தைரியம் எனக்கு.

"கல்லுல பேரு வந்துடுச்சும்மா" என்றேன்.

"பாத்தேண்ணா. ஜோதியும் வந்து பாத்துட்டுப் போச்சு. எழுத்து நல்லா வெட்டியிருக்காங்க."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் சொல்லலண்ணா" என்றாள்.

மறுபடியும் உட்கார்ந்தேன். "அது என் மூட்டைம்மா. ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்தாங்க. மொத நாளு அவன் மூட்டைய அவன் கொண்டுபோனான். எனக்குத் தலவலின்னு படுத்துட்டேன். அதனால என்னுதையும் அவனே எடுத்துட்டுப் போனான்."

அவள் மடியில் இருந்த பைபிள் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "எவ்ளோ வெயிட்டு இருக்கும்?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு ஜோடி. இருவது கிலோ இருக்கும்."

"இப்ப பேக்கிங்லதான் இருக்கேன். அட்டப்பொட்டி ஒண்ணு இருவது கிலோ வரும். ஒரு நாளைக்கு முப்பது தூக்கறேன்." பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "அன்னிக்கு உங்களால தூக்கவே முடியலயாண்ணா?"

முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். வாய்வரை வந்தது.

"இல்லம்மா" என்றேன். "தூக்கியிருக்கலாம்."